ஆபீஸ் என்றால் மேலே, ஆரியா என்றால் கீழே

போன மாதம் எங்கள் யார்டில் ஒரு குழாய்க் கட்டு, இறங்கக் கூடாத நேரத்தில் இறங்கியது.

ஒரு முழம்தான் இறங்கியிருக்கும். முழம்கூட இல்லை... ஒரு சாண். ஆனால் அந்தச் சாணுக்குள் தேவாவின் வலது கை இருந்தது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி — எர்ணாவூர் பக்கம் ஒரு சரக்கு யார்டில் நான் பாதுகாப்பு அலுவலர். ஹெல்மெட் எங்கே, பெல்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டே திரிகிற வேலை. யார்டில் எனக்குப் பெயர் கிடையாது. 'சேப்டி' என்றுதான் சொல்வார்கள். தூரத்தில் என் ஹெல்மெட் தெரிந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு குரல் வரும்.

"டேய், சேப்டி வருது. போனை உள்ள போடு."

போன்... அதுதான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் ஜென்ம விரோதி. படித்து முடித்த சூட்டோடு வந்தவள் இல்லையா, சும்மா இருக்க முடியுமா? போஸ்டர் அடித்தேன். 'தலை குனிந்தால் தலையெழுத்து மாறும்' — நானே யோசித்து எழுதியது. கேன்டீன் சுவர்வரைக்கும் ஒட்டினேன். வகுப்பு எடுத்தேன். கிரேனுக்கு அடியில் நின்றுகொண்டு ரீல்ஸ் பார்த்தவர்களைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். ஷேர் ஆட்டோவில் போனைப் பார்த்துக்கொண்டே எர்ணாவூரைத் தாண்டி எண்ணூர் வரைக்கும் போய், திரும்ப வேறு ஆட்டோ பிடித்து வேலைக்கு வந்தவள்தான். அன்று தாமதமாக வந்து எடுத்த வகுப்பின் தலைப்பு — கவனம்.

அந்த வகுப்பில்தான் தேவா எழுந்து நின்றார். சரக்கைக் கட்டுகிற, அவிழ்க்கிற வேலை அவருக்கு. யாரையும் சிரிக்க வைக்காமல் விடமாட்டார்.

"மேடம், மேல சரக்கு தொங்குனா நிமிந்து பாக்கணும்ன்ற. போனு வந்தா குனிஞ்சி பாக்கணும். கழுத்து ஒண்ணுதானே கீது, இன்னா பண்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அன்று என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் யார்டு பாஷையில் இரண்டு சொற்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கிரேன் சரக்கைத் தூக்க வேண்டுமா — 'ஆபீஸ்'. இறக்க வேண்டுமா — 'ஆரியா'. எந்தக் காலத்தில் எந்தக் கப்பல்காரன் விட்டுப்போன சொற்களோ, யாருக்கும் தெரியாது. ஹார்பரிலும் சரி, ஹார்பரை நம்பிப் பிழைக்கும் யார்டுகளிலும் சரி, கிரேன் இந்த இரண்டு சொற்களுக்குத்தான் அடங்கும். சேர்ந்த புதிதில் எனக்குக் குழம்பும். எது மேலே, எது கீழே? அப்போதும் தேவாதான் வழி சொன்னார்.

"ஆபீஸ்னா மேல. அதான் மேடம், ஆபீஸ் எப்பவும் மேலதானே கீது. நாங்கதான் கீழ."

இதற்கு நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

கிரேன் கேபினில் உட்காருபவர் பாஷா பாய். கீழே நின்று அவருக்கு வழி சொல்பவர் ஸ்டீபன் அண்ணன். இந்தப் பத்தியில் எல்லோர் பெயரையும் மாற்றியிருக்கிறேன், ஒரே ஒரு பெயரைத் தவிர. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குழாய்களை உயரமாக அடுக்கிவிட்டால் பாய்க்குத் தரை தெரியாது. வாக்கி டாக்கியில் ஸ்டீபன் அண்ணன் சொல்வதுதான் அவருக்குக் கண். இரண்டு பேரும் பல வருஷத்துப் பழக்கம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ஒருவர் மேலே இருக்கும்போது இன்னொருவர் கீழே. அவர்களுடைய தோஸ்து மொத்தமும் அந்த வாக்கி டாக்கிக்குள்தான்.

அந்த வாக்கி டாக்கிக்கு ஒரு வியாதி உண்டு. பட்டனை அழுத்திப் பேசினால் முதல் எழுத்தை விழுங்கிவிடும். 'ஆரியா' என்று கீழே சொன்னால், மேலே 'ரியா' என்றுதான் விழும். வருஷக்கணக்காக அப்படியே கேட்டுக் கேட்டு, 'ரியா' என்ற சத்தம் வந்தாலே பாயின் கை தானாக லீவரை இறக்கும். மாற்றித் தரச் சொல்லி ஆபீஸுக்கு எழுதினோம். ஆபீஸ் மேலே இருக்கிறது.

இனி அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

நாலு மணி டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால். குழாய்க் கட்டு அந்தரத்தில் நிற்கிறது. அது உட்கார வேண்டிய இடத்தில் மரத்துண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்று கோணலாக இருந்தது. தேவா குனிந்து அதை நேராக நகர்த்தினார்.

கட்டு இறங்கியது.

நான் ஓடி வந்தபோது கட்டைத் திரும்பத் தூக்கியிருந்தார்கள். தேவா உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. தன் கையை வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் அண்ணன் தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தேவாதான் பேசினார்.

"மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு கீற மேடம்? போனு தேய்க்க கட்டவிரலு போதும். அது பத்திரமா கீது."

அவர் மனைவி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அடுத்தது விசாரணை. மேனேஜர் அறையில் மேனேஜர், பாஷா பாய், ஸ்டீபன் அண்ணன். ஓரத்தில் லேப்டாப்போடு நான் — அறிக்கை எழுத.

"நான் ஆரியா சொல்லல சார்," என்றார் ஸ்டீபன் அண்ணன். "தேவா என் கண்ணு முன்னாடி குனிஞ்சிகினு கீறான். எப்டி சார் சொல்வேன்?"

"என் காதுல வுளுந்துச்சி சார்," என்றார் பாய். "ரியான்னு வுளுந்துச்சி. வுளாமலா நான் எறக்குவேன்? பைத்தியமா எனக்கு?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க," என்றார் மேனேஜர். பிறகு பாயைப் பார்த்தார். "பாய், கடைசியா காது டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?"

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. காது டெஸ்ட்டில் தோற்றால் பாய்க்குக் கேபின் கிடையாது. கேபின் இல்லையென்றால் அந்த வயதில் யார்டில் அவருக்கு வேறு வேலையும் கிடையாது. பாய் குனிந்து தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். சொல்லாத வார்த்தை ஒருவர் காதில் எப்படி விழும்? அவருக்கே தன் காது மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்போது ஸ்டீபன் அண்ணன் பாக்கெட்டில் போன் அடித்தது.

"இங்கேயுமா?" என்றார் மேனேஜர் — தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்டீபன் அண்ணன் 'ஒரு நிமிஷம்' என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தார். யோசித்து எடுத்தது மாதிரி தெரியவில்லை. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுமே, அந்த மாதிரி.

"மரியா... வந்துட்டியா? ம். கதவ சாத்திக்கோ."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். ஒரு மூச்சு.

பாஷா பாய் தலையை நிமிர்த்தினார்.

நான் பாயைப் பார்த்தேன். ஸ்டீபன் அண்ணனும் பார்த்தார். மேனேஜர் மட்டும் பார்க்கவில்லை. அவர் யாருக்கோ டைப் செய்துகொண்டிருந்தார்.

"இன்னா பாய்?"

"ஒண்ணுமில்ல. வுடு."

"இதானா?"

"வுடு ஸ்டீபா. உன் வேலைய பாரு."

ஸ்டீபன் அண்ணன் இரண்டு கைகளையும் மெதுவாக மேலே கொண்டுவந்தார். இடது கையில் போன். வலது கையில் ஒன்றும் இல்லை, ஆனால் வாக்கி டாக்கியைப் பிடிப்பது போல விரல்களை மடக்கியிருந்தார். இடது கட்டைவிரலால் போனை எடுப்பது போலத் தள்ளினார். வலது கட்டைவிரலும் கூடவே ஒரு நொடி அழுத்தி விட்டது. திரும்பவும் செய்து பார்த்தார். திரும்பவும் இரண்டும் சேர்ந்தே அசைந்தன.

ம-ரியா.

முதல் எழுத்தை வாக்கி டாக்கி தின்றுவிட்டது. மீதியைக் கிரேன் கேட்டது.

அறையில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

பாய் வாயைத் திறந்திருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும். திறக்கவில்லை. ஸ்டீபன் அண்ணன் வாயை மூடியிருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும். ஏனென்றால், நான் அந்த அறையில் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை.

"சார்," என்றார் ஸ்டீபன் அண்ணன். "பாய் காது நல்லாதான் கீது."

பிறகு அவரே சொன்னார். மனைவிக்கு இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. கை எப்போதும் ஈரம், போனைத் தொட முடியாது. பெண் மரியா ராயபுரத்தில் ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வர, ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையைக் கடக்க வேண்டும். லாரிக்கு லாரி நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்துதான் வர வேண்டும். முன்னால் இருப்பவன் எப்போது நகர்வான், பின்னால் இருப்பவன் எப்போது நகர்வான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வீட்டுக்குள் போனதும் தினமும் ஒரு போன் கால். வந்துட்டேன். சரி. அவ்வளவுதான்.

"அன்னிக்கும் பண்ணுச்சி சார். எடுத்தேன், வெச்சேன். அத்த ஒரு காலுன்னே நான் நெனைக்கல. தும்முனா யாராச்சும் ஞாபகம் வெப்பாங்களா?"

மேனேஜர் நிமிர்ந்தார். முகத்தில் நிம்மதி. "அப்ப போன்தான் காரணம். எழுதிக்கோங்க மேடம். கைபேசியால் கவனச்சிதறல்."

எழுதினேன். எவ்வளவு வசதியான சொல் பாருங்கள். ரீல்ஸும் அதற்குள் அடங்கும். ரம்மியும் அடங்கும். ஒரு குழந்தை ரோட்டைக் கடந்து வந்ததும் அடங்கும்.

கையெழுத்துப் போடும்போது ஸ்டீபன் அண்ணன் என் பக்கம் குனிந்தார்.

"மேடம், என் பேர எத்தினி வாட்டி வோணா போடு. பொண்ணு பேரு அதுல வர வோணாம். அதால ஒருத்தன் வெரலு போச்சின்னு என்னிக்கும் அதுக்குத் தெரியக் கூடாது."

வரவில்லை. 'வீட்டிலிருந்து வந்த அழைப்பு' என்று எழுதினேன். அப்படியானால் இங்கே மட்டும் எழுதலாமா என்று கேட்பீர்கள். இந்த ஒரு பெயரை மாற்றினால் நடந்தது எதுவுமே உங்களுக்குப் புரியாது. அதோடு, ராயபுரத்தில் சர்ச் வாசலில் நின்று மரியா என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். ஒரு பட்டாளமே திரும்பும். எந்த மரியா என்று நான் சொல்லப்போவதில்லை.

சரி. கவனச்சிதறல் என்றால் என்ன? பாடத்தில் படித்தேன், வகுப்பில் நடத்தினேன், போஸ்டரும் அடித்தேன். எனக்குத் தெரிந்த சிதறல் எல்லாம் போன் அடித்த பிறகு வருவது. ஸ்டீபன் அண்ணனுக்கு அது அடிக்கும்வரை இருந்தது. நாலு மணி நெருங்க நெருங்க அவர் மனசு லாரிச் சந்துக்குள் போய்விடும். 'வந்துட்டேன்' என்று கேட்ட பிறகுதான் யார்டுக்குத் திரும்பும். அப்படிப் பார்த்தால், அந்த கால்தான் அவரை வேலைக்குக் கொண்டுவந்து விட்டது.

அழகாக இருக்கிறது இல்லையா? இதை தேவாவிடம் போய்ச் சொல்ல முடியுமா?

முடியாது. தேவாவும் ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்தான். கிரேனுக்கு அடியில் நிற்கிறவனுக்கு, வந்தது ரீல்ஸா மகளா என்பது ஒன்றுதான். நானும் இந்தப் பக்கம் ஒரு வாரம், அந்தப் பக்கம் ஒரு வாரம் சாய்ந்து பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் உட்கார இடமில்லை.

ஆனால் ஆர்டர் வந்துவிட்டது. யார்டுக்குள் போன் கூடாது. எல்லோரும் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். இந்த ஆர்டர் எப்படி வந்தது தெரியுமா? வாட்ஸ்ஆப் குரூப்பில். வேலை நேரத்தில். படித்ததற்கு அடையாளமாக உடனே எல்லோரும் கட்டைவிரல் போட வேண்டும், போடாதவருக்கு அன்று ஆப்சென்ட். கிரேன் நின்றது, லாரி நின்றது, ஆளாளுக்குத் தலையைக் குனிந்து கட்டைவிரல் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு கட்டைவிரல் வந்தது. தேவா.

அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் அவர் அனுப்பினார் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டீபன் அண்ணனை வேலையை விட்டு எடுக்கவில்லை. வாக்கி டாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். என்ன வேலை? காலையில் போன்களை வாங்கிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். நடுவில் தடுப்புக் கம்பைத் தூக்கி லாரிகளை அனுப்ப வேண்டும். பெட்டி என் டிசைன். ஆளுக்கொரு அறை, மேலே பெயர்ச்சீட்டு. போட்டோ எடுத்து மேலே அனுப்பினேன். பாராட்டு வந்தது.

இந்த வாரம் நாலு மணி வாக்கில் கேட் பக்கம் போனேன். பெட்டி அலறிக்கொண்டிருந்தது. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. குத்துப்பாட்டு, சாமி பாட்டு, வெறும் மணி, நாய்க் குரைப்பு... எல்லாம் ஒரே மரப்பெட்டிக்குள்ளிருந்து. சத்தம் வராதவை உள்ளேயே அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தன.

"தெனமும் இப்டித்தானாண்ணே?"

"இந்த டைமுக்கு இப்டித்தான் மேடம். எட்டிப் பாத்தா பேரு வரும். வூடு, அம்மா, வூடு, தங்கச்சி, வூடு... ரீல்சு பாக்கறான் ரீல்சு பாக்கறான்னு சொல்வியே, பாதிக்கு மேல வூடுதான்."

பெட்டியில் அவர் பெயர்ச்சீட்டைத் தேடிக்கொண்டே கேட்டேன்.

"உங்க போனும் உள்ளதானா?"

"ரூலு ரூலுதானே. ஆனா அது அடிக்காது. பாப்பாவ பண்ண வோணாம்னு சொல்டேன்."

"பாப்பாவா?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேரு வாயில வர மாட்டேங்குது மேடம். தொண்டை வரைக்கும் வருது, அப்புறம் தேவா கைதான் முன்னாடி நிக்குது. ரெண்டு நாளா அது சண்ட புட்ச்சிகினு கீது. நான் இன்னா கொழந்தையா, ஏன்பா பேர் சொல்லி கூப்புட மாட்டேன்றேன்னு. நான் இன்னா சொல்ல? சும்மா ஒரு ஆசைன்னேன்."

"அது வீட்டுக்கு வந்துடுச்சான்னு எப்படித் தெரிஞ்சிக்குவீங்க?"

"வூட்டுக்குப் போனா தெரியும்."

ஒரு லாரி வந்து நின்றது. எங்கள் குழாய்களை ஏற்றிக்கொண்டு ஹார்பருக்குப் போகிற லாரி. ராயபுரம் வழியாகத்தான் போகும், அதே வரிசையில்தான் நிற்கும். ஸ்டீபன் அண்ணன் எழுந்தார். கம்பை உடனே தூக்கவில்லை. டிரைவர் பக்கம் போய்க் கதவைத் தட்டினார்.

"நைனா, ராயபுரத்தாண்ட மெதுவா போ. ஸ்கூல் வுட்ற நேரம்."

டிரைவர் தலையை ஆட்டினார். எதற்கும் ஆட்டுகிற மாதிரி. காதிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. ஸ்டியரிங் பக்கத்தில் போன் மின்னிக்கொண்டிருந்தது. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

வெளி லாரிக்காரர்களின் போன் எங்கள் பெட்டிக்குள் வராது. ஆர்டர் யார்டுக்கு உள்ளே மட்டும்.

ஸ்டீபன் அண்ணன் கம்பைத் தூக்கினார். லாரி தெற்கே திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் கடைசி போனும் அடித்து ஓய்ந்தது.

இந்த மாத அறிக்கையை நேற்று அனுப்பிவிட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. யார்டு பாதுகாப்பாக இருக்கிறது — கேட் வரைக்கும்.